ட்ரான்ஸ்ஜெனிக் சுண்டெலியும் ஜீன்களின் சுவிட்சுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள், வந்தாறுமூலையிலும் சம்மாந்துறையிலும் விஞ்ஞானப் பட்டம் படிக்கும் தம்பி தங்கச்சிமார், இடைக்கிடை அவர்களைப் பெற்றவர்கள் என்று பலர் கேட்ட கேள்விகள் இவை. ஒரே கேள்வி சுற்றிச் சுற்றி வருவதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். பாடப்புத்தகம் பரம்பரையலகு என்று சொல்வதை இங்கே ஜீன் என்றே எழுதியிருக்கிறேன்.

எல்லாக் கலத்திலும் ஒரே டிஎன்ஏ தானே இருக்கிறது? பிறகு எப்படி ஈரல் ஈரலாகவும் கண் கண்ணாகவும் ஆகிறது?

எல்லா ஜீனும் எல்லா இடத்திலும் வேலை செய்வதில்லை, அதனால்தான். இன்சுலின் ஜீன் உங்கள் குதிக்கால் தோலில் உள்ள கலத்திலும் இருக்கிறது. ஆனால் அங்கே அதை யாரும் வாசிப்பதில்லை. சதையியில் உள்ள பீற்றாக் கலங்கள்தான் அதை வாசித்து, தூது ஆர்என்ஏ ஆக்கி, புரதமாகச் செய்து இரத்தத்தில் விடுகின்றன. இந்த வாசிப்பைத்தான் ஜீன் வெளிப்பாடு என்கிறோம். எந்த ஜீனை, எந்தக் கலத்தில், எந்த வயதில், எவ்வளவு வாசிப்பது என்று தீர்மானிப்பது ஜீன் கட்டுப்பாடு.

மனிதருக்கும் சரி, சுண்டெலிக்கும் சரி, புரதம் செய்யும் ஜீன்கள் ஏறத்தாழ 20,000 தான். மொத்த டிஎன்ஏயில் புரதத்துக்கான எழுத்துகள் (டிஎன்ஏயின் மூலங்களைத்தான் எழுத்து என்கிறேன்) 2 சதவீதத்துக்கும் குறைவு. மீதியில் ஒரு பங்கு இந்தக் கட்டுப்பாட்டு வேலையைச் செய்கிறது. ஜீனின் வாசலிலேயே இருக்கும் துண்டு புரொமோட்டர். தள்ளி நின்று வேலை செய்யும் துண்டு என்ஹான்சர். இரண்டையும் சேர்த்துப் பேசும்போது சுவிட்ச் என்று சொல்லிவிடுகிறேன். அது ஜீனை வாசிக்க வைத்தால் ‘எரிகிறது’, வைக்காவிட்டால் ‘அணைந்திருக்கிறது’.

அதைப் பார்க்க உயிருள்ள எலி எதற்கு? கலங்களைத் தட்டில் வளர்த்துப் பார்த்தால் போதாதா?

தட்டில்தான் முதலில் பார்க்கிறார்கள், பார்க்கவும் வேண்டும். ஆனால் தட்டில் வளர்வது பெரும்பாலும் ஒரே வகைக் கலம். அதில் ஒரு சுவிட்ச் எரிந்தால் ‘இந்தக் கலத்தில் எரிகிறது’ என்று மட்டும் தெரியும். மற்ற நூற்றுக்கணக்கான கல வகைகளில் அது அணைந்திருக்கிறதா என்பது தெரியாது. ஒரு சுவிட்சைப் பொறுத்தவரை அணைந்திருப்பதும் பாதிச் செய்தி. அதோடு, பத்தாம் நாள் முளையத்தில் கை முளைக்கும் இடத்தில் மட்டும் சில மணி நேரம் எரியும் சுவிட்சைத் தட்டில் எங்கே போய்த் தேடுவது?

சுண்டெலியின் கர்ப்பகாலம் மூன்று கிழமைக்குள் முடிந்துவிடும். பிறந்த குட்டி ஆறு தொடக்கம் எட்டுக் கிழமையில் தானே குட்டி போடும் பருவத்துக்கு வந்துவிடும். முழு உடலையும் முழு ஆயுளையும் ஒரு ஆராய்ச்சி மாணவரின் காலத்துக்குள் பார்த்து முடிக்கலாம்.

ட்ரான்ஸ்ஜெனிக் என்றால் சரியாக என்ன?

வெளியிலிருந்து சேர்த்த டிஎன்ஏ துண்டைத் தன் நிறமூர்த்தத்தில் தாங்கி, அதைக் குட்டிகளுக்கும் கடத்தும் எலி. அந்தத் துண்டுக்குப் பெயர் ட்ரான்ஸ்ஜீன். அது மனித ஜீனாகவோ, ஜெலிமீனின் ஜீனாகவோ, பற்றீரியாவின் ஜீனாகவோ இருக்கலாம்.

எப்படிச் செய்கிறார்கள்? ஊசி போட்டா?

ஊசிதான், ஆனால் எலிக்கு அல்ல, முட்டைக்கு. பெண் எலிகளுக்கு ஓமோன் கொடுத்து ஒரே தடவையில் நிறைய முட்டை வரச் செய்து, ஆணுடன் விடுவார்கள். மறுநாள் விடிய எலி அறைக்குப் போனால் முதல் வேலை, ஒவ்வொரு பெண்ணின் வாலையும் தூக்கிப் பார்ப்பது. இணை சேர்ந்திருந்தால் யோனியில் வெள்ளையாக ஒரு அடைப்பு இறுகியிருக்கும். சேர்ந்தவற்றின் முட்டைக் குழாயிலிருந்து கருக்கட்டிய முட்டைகளை எடுப்பார்கள். இதற்காகப் பெண் எலியைக் கொல்ல வேண்டியிருக்கும். அதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை.

நுணுக்குக்காட்டியின் கீழ் அந்த முட்டைக்குள் இரண்டு வட்டங்கள் தெரியும். ஒன்று தாயின் டிஎன்ஏ உள்ள கரு, மற்றது தந்தையின் டிஎன்ஏ உள்ள கரு. இரண்டும் இன்னும் கலக்காத நேரம் அது, சில மணித்தியாலம்தான் கிடைக்கும். இடப்பக்கம் மழுங்கிய கண்ணாடிக் குழாய் முட்டையை மெல்ல உறிஞ்சிப் பிடித்துக்கொள்ள, வலப்பக்கத்திலிருந்து தலைமயிரைவிடப் பலமடங்கு மெல்லிய ஊசி உள்ளே போகும். பெரும்பாலும் தந்தையின் கருவுக்குள்தான் குத்துவார்கள், அதுதான் சற்றுப் பெரியது. உள்ளே போகும் கரைசல் ஒரு லீற்றரின் இலட்சம் கோடியில் ஒன்றிரண்டு பங்கு. சரியாகக் குத்துப்பட்டால் அந்த வட்டம் கண் முன்னே சட்டென்று ஊதும். ஊதாவிட்டால் ஊசி உறையைத் தள்ளியிருக்கிறதே தவிர உள்ளே போகவில்லை. முட்டை வெடித்துப் போவதும் தாராளமாக நடக்கும்.

தப்பிய முட்டைகளை வாடகைத் தாய் எலியின் முட்டைக் குழாயில் வைப்பார்கள். அந்த எலியை, விந்துக்குழாய் வெட்டிய ஆணுடன் முதலே இணைய விட்டிருப்பார்கள், அதன் உடல் தான் கர்ப்பம் என்று நம்புவதற்காக. குட்டிகள் பிறந்து பால்குடி மறக்கும் வயதில் காதிலோ வால் நுனியிலோ சிறு துண்டு எடுத்து, பி.சி.ஆர் (குறித்த டிஎன்ஏ துண்டைப் பலமடங்கு பெருக்கிக் காட்டும் முறை) செய்து பார்த்தால் யாரிடம் ட்ரான்ஸ்ஜீன் இருக்கிறது என்று தெரியும். நல்ல கை உள்ளவர் செய்தால் பிறப்பதில் நூற்றுக்குப் பத்து தொடக்கம் முப்பது வரை தேறும்.

இதை முதலில் செய்தது யார்?

1974இல் ருடொல்ஃப் யேனிஷும் பியட்ரிஸ் மின்ற்ஸும் ஒரு வைரசின் டிஎன்ஏயை இளம் எலி முளையத்துக்குள் செலுத்தி, வளர்ந்த எலியில் அது இருப்பதைக் காட்டினார்கள். 1980இல் ஜோன் கோர்டனும் ஃப்ராங்க் ரடிலும், மேலே சொன்ன ஊசி முறையில் சேர்த்த டிஎன்ஏ பிறந்த குட்டியில் இருப்பதைக் காட்டினார்கள்.

உலகம் திரும்பிப் பார்த்தது 1982 டிசம்பரில். ரிச்சர்ட் பாமிற்றரும் ரால்ஃப் பிரின்ஸ்ரரும் குழுவினரும், பெரிய எலியான ராற்றின் வளர்ச்சி ஓமோன் ஜீனை எடுத்து, அதன் முன்னால் மெற்றலோதயனின் என்ற வேறொரு ஜீனின் புரொமோட்டரை ஒட்டினார்கள். வளர்ச்சி ஓமோன் வழக்கமாக மூளைக்கு அடியில் உள்ள கபச்சுரப்பியில்தான் உண்டாகும். மெற்றலோதயனின் சுவிட்சோ ஈரலில் நன்றாக எரியும், நாகம், கட்மியம் போன்ற உலோகம் உடலுக்குள் போனால் இன்னும் கூடும். பிறந்த 21 எலியில் 7 ட்ரான்ஸ்ஜீனைக் கொண்டிருந்தன, அவற்றில் 6 கூடப் பிறந்தவற்றைவிடத் தெளிவாகப் பெரிதாக வளர்ந்தன. இராட்சத எலியின் படத்தைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் பெரிய சேதி எலியின் பருமனில் இல்லை. சுவிட்சை ஒரு ஜீனிலிருந்தும் புரதப் பகுதியை இன்னொன்றிலிருந்தும் எடுத்து ஒட்டலாம், உடல் சுவிட்ச் சொல்வதைத்தான் கேட்கும் என்பதுதான் சேதி. மூன்று வருடம் கழித்து அதே குழுவினர், சதையியில் எலாஸ்ரேஸ் நொதியத்தைச் செய்யும் ஜீனின் வாசலிலிருந்து 200 சொச்சம் எழுத்துகளை மட்டும் வெட்டி எடுத்து, அந்தச் சிறு துண்டே வேறொரு ஜீனைச் சதையிக் கலங்களில் எரிய வைக்கப் போதும் என்று காட்டினார்கள்.

சுவிட்ச் எரிகிறது என்று கண்ணால் எப்படிக் காண்பது?

பார்வைக்குத் தெரியும் ஒன்றைச் செய்யும் ஜீனை அதன் பின்னால் ஒட்டிவிடுவதுதான் வழி. இதற்கு ரிப்போர்ட்டர் என்று பெயர். பற்றீரியாவிலிருந்து வந்த லாக்-இசட் என்ற ஜீன் பழைய கையிருப்பு. முளையத்தைச் சாயக் கரைசலில் ஊறவிட்டால் சுவிட்ச் எரிந்த இடமெல்லாம் நீலமாகிவிடும். முதுகந்தண்டில் நீலக்கோடு, கண்ணில் நீலப் பொட்டு என்று பார்க்க அழகாகவே இருக்கும், ஆனால் முளையம் செத்த பிறகுதான் பார்க்கலாம். ஜெலிமீனிலிருந்து வந்த பச்சை ஒளிர்புரதம் ஜிஎஃப்பி உயிரோடு இருக்கும்போதே ஒளிரும். அதற்காக ஷிமோமுரா, சால்ஃபி, சியென் ஆகிய மூவருக்கும் 2008இல் இரசாயன நோபல் கிடைத்தது. மின்மினியின் நொதியமும் பாவனையில் உண்டு. எலியை மயக்கிக் கமராவின் கீழ் வைத்து, அதே எலியை நாளுக்கு நாள் பார்க்கலாம்.

ஒரே ட்ரான்ஸ்ஜீனைக் கொடுத்தும் ஓர் எலியில் எரிகிறது, அடுத்ததில் எரியவில்லை. ஏன்?

நல்ல கேள்வி. ஆய்வுக் கட்டுரைகளை வாசிப்பவர்கள் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான்.

ஊசியால் செலுத்திய டிஎன்ஏ எந்த நிறமூர்த்தத்தில் போய் ஒட்டும் என்பது நம் கையில் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்துக்கொண்டு சில பிரதிகளாகவும் ஒட்டும், நூறு பிரதியாகவும் ஒட்டும். ஒரே சாமானை விற்கிற கடைதான், காத்தான்குடிச் சந்தியில் போட்டால் ஓடும், ஆள் நடமாட்டமில்லாத ஒழுங்கைக்குள் போட்டால் ஈ ஓட்டும். நிறமூர்த்தத்திலும் திறந்த பகுதிகளும் இறுகச் சுருண்ட பகுதிகளும் உண்டு. சுருண்ட இடத்தில் விழுந்த ட்ரான்ஸ்ஜீன் ஊமையாகிவிடும். பக்கத்தில் வேறு யாருடைய என்ஹான்சராவது இருந்தால், தனக்குச் சம்பந்தமே இல்லாத இழையத்தில் எரியவும் கூடும். விழுந்த இடத்தில் ஏற்கெனவே இருந்த ஜீனை உடைத்துவிட்டால் அது வேறு கதை. முட்டை பிரிந்த பிறகு ஒட்டினால் உடலின் பாதிக் கலங்களில் இருக்கும், பாதியில் இராது.

ஆகவே ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தால், தனித்தனி முட்டைகளிலிருந்து வந்த எத்தனை எலிப் பரம்பரைகளில் ஒரே முடிவு கிடைத்தது என்று முதலில் பாருங்கள். ஒரே ஒரு பரம்பரை என்றால், அது சுவிட்சின் குணமா விழுந்த இடத்தின் குணமா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நான் அப்படிப்பட்ட முடிவை நம்புவதில்லை, எவ்வளவு பெரிய சஞ்சிகையில் வந்தாலும்.

இந்தத் தொல்லையே ஒரு கண்டுபிடிப்புக்கும் வழிவிட்டது. ஈமோகுளோபினின் ஒரு பகுதியைச் செய்யும் மனித பீற்றா-குளோபின் ஜீனை மட்டும் எலிக்குள் வைத்தால் மிகக் குறைவாகத்தான் எரியும், அதுவும் எலிக்கு எலி வேறுபடும். 1987இல் ஃப்ராங்க் குரோஸ்வெல்ட் குழுவினர் அந்த ஜீனுக்கு வெகுதூரம் முன்னால் உள்ள துண்டுகளையும் சேர்த்து வைத்தபோது, எங்கே விழுந்தாலும் பிரதி ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒழுங்காக எரிந்தது. ஈமோகுளோபின் போதாமல் போகும் பரம்பரை நோயான தலசீமியா உள்ள சிலரிடம் குளோபின் ஜீன் பழுதில்லாமல் இருந்தும் ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் விடை அங்கேதான் இருந்தது. அவர்களிடம் காணாமல் போயிருந்தது அந்தத் தூரத்துத் துண்டு.

நொக்-அவுட் எலியும் இதுவும் ஒன்றா?

இல்லை. ட்ரான்ஸ்ஜெனிக்கில் சேர்க்கிறோம், நொக்-அவுட்டில் எலியின் சொந்த ஜீனைக் குறிபார்த்து உடைக்கிறோம். அதற்காக கபெக்கி, எவன்ஸ், ஸ்மிதீஸ் மூவரும் 2007இல் மருத்துவ நோபல் பெற்றார்கள்.

நடைமுறையில் இரண்டும் கலந்துதான் வரும். ஓர் எலியில், உடைக்க வேண்டிய ஜீனின் இரு பக்கமும் 34 எழுத்துள்ள லொக்ஸ்பி என்ற அடையாளத்தை வைப்பார்கள். இன்னோர் எலி, க்ரீ என்ற வெட்டும் நொதியத்தை ஈரல் சுவிட்சின் கீழ் வைத்திருக்கும். இரண்டையும் இணைத்தால் பிறக்கும் குட்டிக்கு ஈரலில் மட்டும் அந்த ஜீன் இராது. முழு உடலிலும் உடைத்தால் பிறக்குமுன்னே செத்துவிடும் ஜீன்களைப் படிக்க இதுதான் வழி.

நேரத்தையும் நம் கைக்குள் கொண்டுவரலாம். டொக்ஸிசைக்கிளின் மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் எரியும், நிறுத்தினால் அணையும் என்று அமைத்த எலிகள் உண்டு. எலிக்காய்ச்சல் வராமல் இருக்க வயலுக்கு இறங்குபவர்களுக்குக் கொடுக்கும் அதே டொக்ஸிசைக்கிளின்தான்.

ஒரு எச்சரிக்கை. பீற்றாக் கலத்தில் மட்டும் வெட்டுவதற்கென்று இன்சுலின் சுவிட்சோடு செய்த ஒரு க்ரீ எலியை உலகம் முழுவதும் வருடக் கணக்காகப் பாவித்தார்கள். மறுகா பார்த்தால் அது மூளையின் ஒரு பகுதியிலும் வெட்டுகிறது. போதாததற்கு, அமைப்பை நிலைப்படுத்தவென்று பின்னால் ஒட்டியிருந்த மனித வளர்ச்சி ஓமோன் ஜீனும் பீற்றாக் கலத்தில் ஓமோனைச் செய்துகொண்டிருந்தது. எந்த ஜீனையும் உடைக்காமல் அந்த க்ரீயை மட்டும் சுமந்த எலிகளிலேயே சீனிக் கட்டுப்பாடு குழம்பியிருந்ததை ஓர் ஆய்வு காட்டியது. க்ரீ மட்டும் உள்ள எலியை ஒப்பீட்டுக்கு வைக்காத நீரிழிவு ஆய்வுகளின் கதி என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆறு விரலோடு பிள்ளை பிறப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

எல்லா ஆறு விரலுக்கும் ஒரே காரணம் இல்லை. ஆனால் பெருவிரல் பக்கம் மேலதிக விரல் வரும் சில குடும்பங்களில் காரணம் ஒரு சுவிட்சில் ஏற்பட்ட ஓர் எழுத்து விகாரம். சோனிக் ஹெட்ஜ்ஹொக் என்ற ஜீன் கை கால் முளைக்கும்போது சுண்டுவிரல் பக்கத்தில் மட்டும் எரிய வேண்டும். அதை எரிய வைக்கும் இசட்ஆர்எஸ் என்ற என்ஹான்சர், ஜீனிலிருந்து ஏறத்தாழ பத்து இலட்சம் எழுத்து தள்ளி, வேறொரு ஜீனின் வயிற்றுக்குள் இருக்கிறது. விகாரம் வந்தால் சுவிட்ச் பெருவிரல் பக்கமும் எரிந்து அங்கேயும் விரல் முளைக்கும். பிறழ்ந்த துண்டை ரிப்போர்ட்டரோடு எலி முளையத்தில் வைத்தால், வரக்கூடாத பக்கத்திலும் நீலம் வரும்.

2016இல் வந்த வேலை இன்னும் சுவையானது. எலியின் சொந்த இசட்ஆர்எஸ்ஸை எடுத்துவிட்டுப் பாம்பினுடையதை வைத்தார்கள். குட்டிகள் கை கால் குறுகி, மொட்டையாகப் பிறந்தன. மீனினுடையதை வைத்தபோது கை கால் சாதாரணமாக முளைத்தது. பாம்பின் துண்டில் தொலைந்துபோயிருந்த 17 எழுத்தைத் திருப்பிச் சேர்த்தபோது காலும் திரும்பி வந்தது. பாம்பிடம் சோனிக் ஹெட்ஜ்ஹொக் ஜீன் இன்றைக்கும் முழுசாக இருக்கிறது. அது இல்லாமல் மூளையும் முள்ளந்தண்டும் ஒழுங்காக அமையாது.

இதனால் நோயாளி யாருக்காவது பலன் கிடைத்ததா?

கிடைத்திருக்கிறது. பிறந்த பிறகு நம் உடல் சிசுப்பருவ ஈமோகுளோபினை நிறுத்திவிடுகிறது. நிறுத்துவதில் பெரிய பங்கு பிசிஎல்11ஏ என்ற புரதத்துக்கு. அதை அணைத்தால் தலசீமியா நோயாளிக்குச் சிசு ஈமோகுளோபின் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஜீனையே உடைக்க முடியாது, உடைத்த எலிக்குட்டிகள் பிறந்தவுடன் செத்தன, நோய் எதிர்ப்புக் கலங்களும் உருவாகவில்லை. 2013இல் அந்த ஜீனுக்குள் ஓர் என்ஹான்சரை இனங்கண்டு, ட்ரான்ஸ்ஜெனிக் எலி முளையத்தில் வைத்துப் பார்த்தபோது அது செங்குருதிக் கல வரிசையில் எரிவது தெரிந்தது. சுவிட்சை மட்டும் உடைத்தால் போதும்! நோயாளியின் என்புமச்சைக் கலங்களை எடுத்து, டிஎன்ஏயைக் குறித்த இடத்தில் வெட்டும் கருவியான கிரிஸ்பரால் அந்தச் சுவிட்சை வெட்டித் திருப்பிக் கொடுக்கும் காஸ்ஜெவி சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதி கொடுத்தது. அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர். மாதாமாதம் பிள்ளைக்கு இரத்தம் ஏற்றக் கூட்டிப் போகும் நம் ஊர்த் தாய்க்கு இந்தச் செய்தியை எப்படிச் சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை.

கொரோனாக் காலத்தில் எலி தட்டுப்பாடு என்றார்களே?

ஆரம்பகால வைரஸ் சாதாரணச் சுண்டெலியில் தொற்றாது. கலத்துக்குள் நுழைய வைரஸ் பற்றிக்கொள்ளும் புரதம் ஏஸ்2. எலியின் ஏஸ்2ஐ அதற்குப் பிடிக்கத் தெரியாது. பழைய சார்ஸ் நோய்க்காக 2007இல், மனித ஏஸ்2 ஜீனைக் கெரற்றின்-18 என்ற இன்னொரு ஜீனின் சுவிட்சின் கீழ் வைத்து அமெரிக்காவில் ஒரு எலியைச் செய்திருந்தார்கள். 2020இல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அது தேவைப்பட்டது. நன்றாக உதவியது, ஆனால் அந்த எலிகளில் பல மூளைத் தொற்றால் செத்தன. மனிதரில் அது வழமையான போக்கு அல்ல.

சம்மாந்துறையிலிருந்து ஒரு விவசாயி: “தம்பி, எங்கட வயலுக்குள்ள எலிக்குப் பஞ்சமே இல்ல. அதைப் பிடிச்சுச் செய்யேலாதா?”

செய்யேலாது அண்ணன். வயலில் இருப்பது பெரும்பாலும் வேறு இனம். ஆய்வுகூட எலியை அண்ணன் தங்கையாக இருபது தலைமுறைக்கு மேல் இணைத்து இணைத்து, எல்லாம் ஒரே டிஎன்ஏ என்ற அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதிகம் பாவிக்கும் கறுப்பு எலி சி57பிஎல்/6 இன் வம்சம் 1921 தொடக்கம் வருகிறது. ஒன்றுபோல் இருந்தால்தான் வித்தியாசம் ட்ரான்ஸ்ஜீனால் வந்தது என்று சொல்ல முடியும். வயல் எலியை வெறுங்கையால் தொடவும் வேண்டாம், எலிக்காய்ச்சல் உங்களுக்குத் தெரியாததா.

இந்த எலி தப்பி வெளியே போனால்?

பூனைக்கு ஒரு நேரச் சாப்பாடு. முட்டையில் ஊசி போட வசதியென்று விரும்பும் வெள்ளை எலியான எஃப்விபி வளரும்போதே கண் பார்வையை இழந்துவிடும். ஆனாலும் அடைத்து வைக்க வேண்டியது சட்டமும் ஒழுங்கும்.

பாவமில்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் அம்மாமாரிடம் நான் வாதாடுவதில்லை. எலி சாகிறது, ட்ரான்ஸ்ஜீன் வராத குட்டிகளும் பெரும்பாலும் சாகின்றன. 1959இல் ரசலும் பர்ச்சும் வைத்த மூன்று விதிதான் இன்றைக்கும் அடிப்படை: வேறு வழி இருந்தால் எலியைத் தொடாதே, தொட்டால் குறைந்த தொகையில் செய், வேதனையைக் குறை. விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுவின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் எந்த ஒழுங்கான சஞ்சிகையும் கட்டுரையை ஏற்காது. ஒப்பீட்டு எலி இல்லாமல், தொகையைக் கணக்குப் பார்க்காமல் செய்த பரிசோதனைதான் எனக்குப் பெரிய பாவமாகத் தெரிகிறது. செத்த எலிக்கும் பிரயோசனமில்லை, வாசிப்பவருக்கும் இல்லை.

கிரிஸ்பர் வந்த பிறகு பழைய முறை எதற்கு?

குறைந்துகொண்டுதான் போகிறது. 2013இல் யேனிஷின் ஆய்வுகூடமே ஒரே ஊசியில் பல ஜீன்களை மாற்றிய எலிகளைச் செய்து காட்டியது. இப்போது ரிப்போர்ட்டரையும் கிரிஸ்பரால் குறித்த ஓர் இடத்திலேயே வைக்க முடிகிறது, சந்தியா ஒழுங்கையா என்ற வில்லங்கம் பெரும்பாலும் தீர்ந்தது.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதைப் படிக்க என்ன வழி? எங்களிடம் எலி அறை இல்லையே.

எலி இல்லாமலே நிறையச் செய்யலாம். ஜாக்சன் ஆய்வுகூடம் நடத்தும் மவுஸ் ஜீனோம் இன்ஃபர்மற்றிக்ஸ் தளத்தில் ஒரு ஜீனின் பெயரைப் போட்டால், அதை உடைத்த எலிக்கு என்ன நடந்தது, எந்த இழையத்தில் அது எரிகிறது என்பதெல்லாம் வரும். அலன் நிறுவனத்தின் மூளை வரைபடத்தில் எலி மூளையில் ஆயிரக்கணக்கான ஜீன்கள் எங்கே எரிகின்றன என்று வெட்டு வெட்டாகப் பார்க்கலாம். அமெரிக்காவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தின் விஸ்ரா என்ஹான்சர் பிரவுசரில் பதினொன்றரை நாள் எலி முளையங்களின் நீலப் படங்கள் குவிந்து கிடக்கின்றன. எல்லாம் இலவசம், போன் டேட்டா இருந்தால் போதும்.

முதல் பயிற்சியாக இப்படிச் செய்து பாருங்கள். விஸ்ராவில் கை கால் மொட்டில் மட்டும் நீலம் காட்டும் ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். அதே துண்டுக்கு எத்தனை முளையங்கள் சோதிக்கப்பட்டன, எத்தனையில் அதே இடம் நீலமானது என்று பக்கத்திலேயே போட்டிருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதன் இரு பக்கமும் உள்ள ஜீன்களின் பெயரை எடுத்து, மவுஸ் ஜீனோம் தளத்தில் ஒவ்வொன்றாகப் போட்டு, எதை உடைத்தபோது கை கால் பழுதானது என்று தேடுங்கள். பக்கத்து ஜீன்தான் சொந்தக்காரன் என்று அவசரப்பட்டு எழுதிவிட வேண்டாம், இசட்ஆர்எஸ் இருப்பது யாருடைய வயிற்றுக்குள் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.